கோட்டில் பட்டால் அவுட்டா? ஆறு வயது மகளுக்கு மறுத்துப் பேசக் கற்றுக்கொடுப்பது எப்படி?

ஒண்ணாப்பு அம்மா (திருச்சி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

என் மகளுக்கு ஆறு வயது முடிந்து மூன்று மாதம் ஆகிறது. ஒன்றாம் வகுப்பு. எங்கள் குடியிருப்பில் கீழே கார் நிறுத்தும் இடம் மாலையில் பாதி காலியாகக் கிடக்கும். பிள்ளைகள் அங்கே சாக்பீஸால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவார்கள். எதிர்வீட்டுப் பெண்ணும் இவள் வயதுதான். அவர்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. வந்த நாளிலிருந்து இரண்டும் ஒட்டிக்கொண்டன. இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும் அளவுக்குப் பழக்கம்.

இன்றோடு ஒன்பது நாளுக்கு முன்னால், அந்தப் பெண் எறிந்த சில்லு மூன்றாம் கட்டத்துக் கோட்டின் மேல் போய் நின்றது. கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே. நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"அவுட்!"

"இல்ல, முக்கால்வாசி உள்ள கிடக்கு. எங்க ஊர்ல இது அவுட் இல்ல."

"பொய் சொல்றே."

"நான் ஒண்ணும் பொய் சொல்லல."

"நீ அழுகுணி. அழுகுணிகூட யாரும் விளையாடக் கூடாது. நான் உன்கூட கா."

என் மகள் அதோடு விடவில்லை. பக்கத்தில் நின்ற நாலு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெண் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. நான் ஓடிப்போய் எல்லோர் முன்னாலும் "முதல்ல ஸாரி சொல்லு" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்தப் பெண் எதுவும் பேசாமல் படியேறிப் போய்விட்டாள்.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மகள் கேட்டாள்: "அம்மா, கோட்டுல பட்டா அவுட்டுதானே? பாட்டி அப்படித்தானே சொல்லிக்கொடுத்தாங்க? நான் சொன்னது சரின்னா ஏன் ஸாரி சொல்லணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. இந்தப் பதிவு அதற்காகத்தான்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்த வீட்டில் 'எதிர்த்துப் பேசாதே' என்பதுதான் மரியாதை. வேண்டாம் என்று தோன்றியதற்கெல்லாம் பள்ளியிலும் வேலையிலும் புகுந்த வீட்டிலும் சரி சரி என்றே தலையாட்டியிருக்கிறேன். 'எனக்கு அப்படித் தோணலை' என்று வாய்திறந்து சொல்ல முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. என் மகள் அப்படி வளரவே வேண்டாம். அதே சமயம், தான் நினைப்பதைச் சொல்வதற்காக இன்னொரு பிள்ளையைக் கூட்டத்தை விட்டே தள்ளிவைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. இந்த வயதில் என்ன சொல்லிக்கொடுக்கலாம்? எந்த வார்த்தைகளைக் கொடுக்கலாம்? நான் ஸாரி சொல்ல வைத்தது தப்பா?

இரண்டு பையன்களின் அப்பா எழுதியது:

என் அனுபவத்தில், நாம் நடுவில் போகாத சண்டைதான் சீக்கிரம் முடிகிறது. காலையில் கா விடும், சாயங்காலம் பழம் விடும். பெரியவர்கள் போய் நின்றதும் அது மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. என் பையன்கள் கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ கேட்டு அடித்துக்கொள்ளாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நான் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இன்னும் ஒரு வாரம் விட்டுப்பிடியுங்கள்.

ஒண்ணாப்பு அம்மா எழுதியது:

நன்றி அண்ணா. சண்டை இரண்டு பேருக்குள் இருந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒருத்தியை ஒதுக்கியதுதான் என்னை இறங்கி ஓட வைத்தது. ஒன்பது நாளாக அந்தப் பெண் கீழேயே வரவில்லை.

சாக்பீஸ் டீச்சர் எழுதியது:

சகோதரி, நான் மணப்பாறை பக்கம் ஒரு கிராமத்தில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. 22 வருடமாகச் சின்ன வகுப்புகள்தான். 2022இல் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புப் பிள்ளைகள் என் அறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி கலந்துதான் உட்காருகிறார்கள். ஐந்து வயதும் எட்டு வயதும் ஒரே பாயில் உட்கார்ந்தால் தினமும் இதே பஞ்சாயத்துதான்.

நீங்கள் எழுதியதில் 'அழுகுணி'யை விட 'பொய்' என்ற வார்த்தைதான் என் கண்ணில் பட்டது. இந்த வயதுப் பிள்ளைகளிடம் அந்த ஒரு சொல் மூன்று வேலை செய்கிறது. ஏமாற்றுவதற்காகச் சொன்னாலும் பொய், தெரியாமல் தப்பாகச் சொன்னாலும் பொய், தனக்குத் தெரிந்ததற்கு மாறாக யார் என்ன சொன்னாலும் பொய். உங்கள் மகள் திட்ட வேண்டும் என்று அதைச் சொல்லியிருக்க மாட்டாள். அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். ஆனால் கேட்டவளுக்கு அது திட்டாகத்தான் விழுந்திருக்கும்.

ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் பிள்ளைகளோடு கோலிக்குண்டு ஆடி, 'இந்த விதியை யார் போட்டார்கள், மாற்றலாமா' என்று அவர்களையே கேட்டுக் கேட்டு எழுதிய புத்தகம் 1932இல் வந்தது. சின்னவர்களுக்கு விதி என்றால் பெரியவர்கள் கொடுத்தது, கை வைக்கவே கூடாது. நாமெல்லாம் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்பது பத்து வயதை ஒட்டித்தான் அவர்களுக்குப் பிடிபடுகிறது என்று அவர் எழுதினார். தெரியாமல் சொன்ன தப்பையும் சின்னப் பிள்ளைகள் பொய் என்றே சொல்வதையும் அதே புத்தகத்தில் பதிந்திருக்கிறார். உங்கள் மகளுக்குப் பாட்டி சொன்ன விதி வேதவாக்கு. அந்தப் பெண்ணுக்கு அவள் ஊர் விதி வேதவாக்கு.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருநாள் காலையில் இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்னவென்று கேட்டால், "டீச்சர், நேத்து ராத்திரி நிலா எங்க வீடு வரைக்கும் என்கூடவே வந்துச்சு. இவன் பொய்யிங்கிறான்." மற்றவன், "இல்ல டீச்சர், நிலா என்கூடத்தான் வந்துச்சு." ஒருவன் வீடு ஊருக்குக் கிழக்கே, மற்றவன் வீடு மேற்கே. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வட்டமாக உட்காரவைத்து, "அவன் என்ன பார்த்தான்னு நீ சொல்லு" என்று முதலாமவனிடம் கேட்டேன். தன்னுடையதை இல்லை, மற்றவன் பார்த்ததை. அவனுக்கு அது லேசில் வரவில்லை. "அவன் சொல்றான்... நிலா அவன்கூடப் போச்சாம்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் அவனே கேட்டான்: "டீச்சர், ரெண்டு பேர்கூடவும் எப்படிப் போகும்?" அந்தக் கேள்வி வந்ததும் சண்டை பாடமாகிவிட்டது. நிலா சராசரியாக மூன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டருக்கு மேல் தூரத்தில் இருக்கிறது, நாம் நடக்கிற நடைக்கு அது இருக்கிற திசை மாறுவதில்லை, அதனால்தான் எல்லோர்கூடவும் வருகிற மாதிரி தெரிகிறது என்று சொன்னேன். ஐந்து வயதுகளுக்குப் பாதிதான் புரிந்தது, பரவாயில்லை.

அன்றிலிருந்து என் வகுப்பில் மூன்று சொற்கள் புழங்குகின்றன: பொய், தப்பு, வேற. வேண்டுமென்றே சொன்னால் பொய். தெரியாமல் சொன்னால் தப்பு. அவனுக்கு அப்படி, எனக்கு இப்படி என்றால் வேற. இப்போது பிள்ளைகளே "பொய்யில்லடா, வேற" என்று திருத்துகிறார்கள்.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். ஒரு பிஸ்கெட் டப்பாவுக்குள் நூல்கண்டும் ஊசியும் போட்டு மூடி மகளிடம் கொடுங்கள். என்ன இருக்கு என்று கேளுங்கள். பிஸ்கெட் என்பாள். திறந்து காட்டிவிட்டு மறுபடி மூடி, "அப்பா வந்து இதைப் பார்த்தா உள்ள என்ன இருக்குன்னு நினைப்பாங்க?" என்று கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் நூல்கண்டு என்றுதான் சொல்லும், தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பதால். நாலு ஐந்து வயதில்தான் 'அப்பா பிஸ்கெட்னு நினைப்பாங்க' என்று வரும். மிட்டாய் டப்பாவுக்குள் பென்சிலைப் போட்டுக் கேட்கும் இந்தச் சோதனை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் செய்வது. உங்கள் மகள் சரியாகத்தான் சொல்வாள். சொன்னதும், "அப்பா பொய் சொல்றாங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

ஸாரி விஷயத்துக்கு வருகிறேன். மகள் ராத்திரி கேட்டது நியாயமான கேள்வி. கோட்டில் பட்டால் அவுட் என்று அவள் நினைத்ததற்கு ஸாரி தேவையே இல்லை. அழுகுணி என்றதற்கும், சின்னவர்களை இழுத்து நிறுத்திக்கொண்டதற்கும்தான் ஸாரி. இதைப் பிரித்துச் சொல்லாமல் பொத்தாம்பொதுவாகக் கேட்கவைத்தால், 'நான் நினைக்கிறதைச் சொன்னா அம்மாவுக்குக் கோபம் வரும்' என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். நீங்கள் எதிலிருந்து அவளைக் காப்பாற்ற நினைக்கிறீர்களோ அதிலேயே போய் விழுவாள். இன்னொன்று, எல்லோர் முன்னாலும் வேண்டாம். கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப்போய்க் குனிந்து பேசுங்கள்.

நீங்கள் இறங்கி ஓடியது தப்பில்லை. கை ஓங்கினாலும், மூன்றாவது ஆளைச் சேர்த்துக்கொண்டு ஒருத்தரை ஒதுக்கினாலும் நானும் போவேன். மற்றதற்கெல்லாம் அண்ணன் சொன்ன மாதிரி தள்ளி நிற்பேன்.

புகார் வாசி எழுதியது:

அம்மா, மயிலாடுதுறையில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். டீச்சர் சொன்னதற்கு மேல் உளவியலில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'எதிர்த்துப் பேசாதே' என்பதே மரியாதை என்று எழுதியிருந்தீர்களே, அது மனதை உறுத்திவிட்டது. அது நம் வீடுகளின் பழக்கமாக இருக்கலாம். நம் மரபு அப்படி மட்டும் இல்லை.

மணிமேகலையின் முதல் காதை விழாவறை காதை. புகாரில், அதாவது காவிரிப்பூம்பட்டினத்தில், இருபத்தெட்டு நாள் இந்திரவிழா நடக்கப்போவதை முரசறைந்து சொல்கிறார்கள். தோரணம் கட்டுங்கள், மணல் பரப்புங்கள் என்று சொல்லிக்கொண்டே வரும்போது, வாதம் செய்கிறவர்கள் பட்டிமண்டபத்து முறையறிந்து ஏறுங்கள் என்றும் அறிவிப்பு வருகிறது. அதையடுத்த இரண்டு வரி இது:

பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும்
செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்.

உங்களுக்கு ஆகாதவரோடு என்றாலும் பகையும் கலகமும் செய்யாமல் விலகிப்போங்கள். பேசாதே என்று சொல்லவில்லை பாருங்கள். மேடை ஏறிப் பேசச் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்கிறார்கள். டீச்சர் 'அவன் பார்த்ததை நீ சொல்லு' என்றதற்கும் நம்மிடம் பேர் இருக்கிறது. நன்னூல் பாயிரத்தில் ஏழுவகை மதம் என்று வரும், மதம் என்றால் இங்கே கொள்கை. அதில் ஒன்று 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு'. மற்றவர் கருத்தை முதலில் ஏற்று எடுத்துச் சொல்லிவிட்டு, அப்புறம் மறுப்பது.

சரி, ஆறு வயதுக்கு நன்னூல் வேண்டாம். என் பேரனோடு நான் தாயம் ஆடுகிறேன். அவனுக்கு ஏழு வயது. அவன் அம்மா வழித் தாத்தா வீட்டில் ஒரு முறை, என் வீட்டில் ஒரு முறை. அங்கே எதிராளி காயை ஒரு தடவையாவது வெட்டினால்தான் நம் காய் உள்ளே போய்ப் பழமாகலாம். இங்கே அப்படிக் கிடையாது. முதல் நாள் என் காய் உள்ளே நுழைந்ததும் "தாத்தா ஏமாத்துறீங்க" என்று புளியங்கொட்டையைத் தூக்கி எறிந்தான். மறுநாளிலிருந்து கட்டம் போடும்போதே நான் கேட்பேன்: "உங்க வீட்டுல எப்படி?" அவன் சொல்வான். "எங்க வீட்டுல இப்படி. இன்னைக்கு எதை வச்சுக்கலாம்?" இப்போதெல்லாம் அவனே முந்திக்கொண்டு கேட்கிறான். போன மாதம் தெருப் பிள்ளைகளோடு பம்பரம் விடும்போதும் இதையே கேட்டதாக மருமகள் சொன்னாள்.

உங்கள் மகளுக்கு அந்த ஒரு கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். சில்லு கோட்டில் விழுந்த பிறகு கேட்டால் அது வழக்கு. ஆடத் தொடங்கும் முன் கேட்டால் பேச்சு.

தலையாட்டிப் பையனின் அம்மா எழுதியது:

எனக்கு இதற்கு நேர்மாறான கவலை. என் மகன் இரண்டாம் வகுப்பு. யார் எதைக் கேட்டாலும் சரி என்பான். ஒரே மாதத்தில் ஐந்து ரப்பர் வாங்கினேன், ஐந்தும் பக்கத்துப் பையன் பெட்டியில். கேட்டால், "தரலைன்னா அவன் கா விட்டுடுவான்மா." மறுத்துச் சொன்னால் நட்பு போய்விடும் என்று அந்த வயதிலேயே முடிவு செய்திருக்கிறான். அதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்தது.

என் அத்தைதான் வழி சொன்னார். மொச்சை உரித்துக்கொண்டே பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கினார். அத்தை கெஞ்சிக் கேட்பார், "அந்த ரப்பரைக் குடுடா, நீ என் ஃப்ரெண்டுதானே?" இவன் சொல்ல வேண்டும்: "தர மாட்டேன். எனக்கு வேணும். வா, விளையாடலாம்." முதல் இரண்டு நாள் 'தர மாட்டேன்' வரவே இல்லை, தொண்டையிலேயே நின்றுவிட்டது. மூன்றாம் நாள் வந்தது, ஆனால் கத்தலாக. கத்தாமல் சொல்ல இன்னும் ஒரு வாரம். 'வா, விளையாடலாம்' என்ற கடைசி பாதிதான் முக்கியம் என்று அத்தை விடாமல் சொல்ல வைத்தார். மறுத்ததும் ஓடிவிடக் கூடாது, அங்கேயே நிற்க வேண்டும் என்பார்.

உங்கள் மகளுக்குச் சொல்ல வருகிறது, நிற்க வரவில்லை. என் மகனுக்கு நிற்க வருகிறது, சொல்ல வரவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த வாக்கியம் உதவும் என்று நினைக்கிறேன்.

ஒண்ணாப்பு அம்மா எழுதியது (பன்னிரண்டு நாள் கழித்து):

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

டப்பாவை முதலில் செய்தேன். அப்பா பிஸ்கெட் என்று நினைப்பார் என்று உடனே சொன்னாள். "அப்ப அப்பா பொய் சொல்றாங்களா?" என்றதும் சிரித்தாள். "அப்பாவுக்குத் தெரியாதும்மா, திறந்து பார்க்கலைல்ல." நான் மெல்ல, "அவளும் உங்க பாட்டியோட பாண்டியைப் பார்த்ததே இல்லையே" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. பதில் சொல்லவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

ஸாரியைப் பிரித்துச் சொன்னேன். நீ அவுட்னு நினைச்சது தப்பே இல்லை, அதுக்கு ஸாரி சொல்ல வச்சது அம்மாவோட தப்பு என்று அவளிடமே சொன்னேன். ரொம்ப நேரம் என் வளையலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் "அழுகுணின்னு சொன்னதுக்கு மட்டும் சொல்லட்டா?" என்று கேட்டாள்.

வீட்டிலும் ஒன்று மாற்றினோம். நானும் அவரும் ஒத்துப்போகாத விஷயங்களை அவள் தூங்கிய பிறகுதான் பேசுவது வழக்கம். இப்போது சின்னச் சின்னதை அவள் எதிரிலேயே பேசுகிறோம். ரசத்தில் வெல்லம் போடுவது அவர் அம்மா முறை, எனக்கு ஆகாது. சாப்பிடும்போது அவர் "ஒரு துளி போட்டிருக்கலாம்" என்றார், "எனக்குப் பிடிக்கலை, உங்களுக்குத் தனியா போட்டுத் தர்றேன்" என்றேன். அவர் இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்தப் பெண் முதலில் கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை அவள் அம்மா திறந்தார். என் மகள் வாசலிலேயே நின்று, "அழுகுணின்னு சொன்னது தப்பு" என்றாள். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. திரும்பி வந்து அழுதாள். நான் எதுவும் சொல்லித் தேற்றவில்லை, மடியில் போட்டுக்கொண்டேன். மூன்று நாள் கழித்து அந்தப் பெண் அவளாகவே கீழே இறங்கி வந்தாள், கையில் அதே ஓட்டுச் சில்லு.

ஐயா சொன்ன கேள்வியைத்தான் மகள் கேட்டாள், "உங்க ஊர்ல எப்படி?" என்று. நான் மாடியிலிருந்து இறங்கவில்லை. நாகர்கோவில் முறை, பாட்டி முறை இரண்டையும் வைத்துக் கால் மணி நேரம் பேசினார்கள், ஆட்டமே தொடங்கவில்லை. கடைசியில் இரண்டும் இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டார்கள்: கோட்டில் பட்டால் அவுட்டும் இல்லை, ரைட்டும் இல்லை, இன்னொரு தடவை எறியலாம். நாலு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் மூன்று தடவை.

நேற்று மறுபடி சத்தம். சாக்பீஸ் கோடு ஓரிடத்தில் பட்டையாகவும் ஓரிடத்தில் மெலிசாகவும் இருக்கிறது, எது வரைக்கும் கோடு என்று தகராறு. "நீ சொல்றது தப்பு" என்று என் மகள் குரல் கேட்டது. கையிலிருந்த துணியைக் கொடியிலேயே போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் மூச்சிரைக்க மாடிக்கு ஓடிவந்து ஸ்கேல் கேட்டார்கள்.